ஸ்டான்லிவில் என்று ஒரு ஊர் இப்போது இல்லை

பள்ளிக்கூடத்தில் புவியியல் தேர்வுக்கு நாங்கள் மனப்பாடம் செய்த ஒரு மதிப்பெண் கேள்விகளில் இதுவும் ஒன்று. ‘இருண்ட கண்டம் என்று அழைக்கப்படுவது எது?’ ஆப்பிரிக்கா. ஏன் இருண்டது, யாருடைய கண்ணுக்கு இருண்டது என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு மார்க் கிடைத்தது, அத்தோடு சரி.

முப்பது வருடம் கழித்து ஃபுளோரிடாவில் ஒரு ரோலர் கோஸ்டர் வரிசையில் நிற்கும்போது அந்தக் கேள்வி திரும்ப வந்தது.

டாம்பா நகரத்தில் புஷ் கார்டன்ஸ் என்று ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. சுமார் 335 ஏக்கர். முழுக்க ஆப்பிரிக்காவை மையமாக வைத்து அமைத்தது. ஒரு பக்கம் ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, காண்டாமிருகம்; இன்னொரு பக்கம் வயிற்றைக் கலக்கும் ராட்சத ராட்டினங்கள். நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம். ஆண்டுச் சந்தா அட்டை வாங்கி வைத்திருக்கிறோம், மாதம் ஒருமுறையாவது போய்விடுவோம். எனக்கு அந்த இடம் உண்மையாகவே பிடிக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே ஷீக்ரா என்றொரு கோஸ்டர். ஏறுவதற்கு 54 அங்குல உயரம் வேண்டும். பதினொரு வயது மகள் இரண்டு வருடமாக அந்த அளவுகோலின் முன் போய் நின்று நின்று, இந்த வருடம்தான் எட்டினாள். 200 அடி உயரத்துக்குக் கொண்டுபோய், விளிம்பில் சில விநாடிகள் அப்படியே நிறுத்தி வைப்பார்கள். கால் அந்தரத்தில் தொங்கும், கண்ணுக்கு நேர் கீழே தரை. அப்புறம் செங்குத்தாக ஒரே விழுதல், மணிக்கு 70 மைல் வேகம். ஷிக்ரா என்கிற பறவையின் பெயரைத்தான் சற்று மாற்றி இதற்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வல்லூறுதான் அது, ஆப்பிரிக்காவிலும் உண்டு. எங்கள் வீட்டுக் கொல்லையில் கோழிக்குஞ்சு தூக்க வருகிற அதே பறவையின் பெயர், கடல் கடந்து வந்து இங்கே ஒரு எந்திரத்துக்கு. இதை மகளிடம் சொன்னபோது அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

அந்தக் கோஸ்டர் இருக்கும் பகுதியின் பெயர் ஸ்டான்லிவில். வல்லூறு கதையைக் கேட்டு முடித்தவள் பலகையைப் பார்த்துவிட்டு, “அப்ப ஸ்டான்லி யாருப்பா?” என்றாள்.

ஆப்பிரிக்காவுக்குள் போய்த் தகவலே இல்லாமல் போன லிவிங்ஸ்டன் என்ற மிஷனரியைத் தேடிப் போனவர், பெரிய பயணி என்று எனக்குத் தெரிந்த மட்டில் சொல்லி வைத்தேன். சொல்லும்போதே அது பாதிப் பதில் என்று எனக்கே தெரிந்தது. இரவு அவள் தூங்கிய பிறகு உட்கார்ந்து படித்தேன்.

ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். பத்திரிகைக்காரர். 1871ல் டாங்கனிக்கா ஏரிக்கரையில் லிவிங்ஸ்டனைக் கண்டுபிடித்தார். பிறகு காங்கோ ஆற்றின் வழியே கடல்வரை போய்ச் சேர்ந்தார். 1878ல் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே ‘இருண்ட கண்டம்’ என்ற சொல் இருக்கிறது. நாங்கள் ஒரு மார்க் வாங்கிய அதே சொல். உலகம் முழுக்க அது பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1879ல் பெல்ஜியம் அரசன் இரண்டாம் லியோபோல்ட் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டான். ஐந்து வருடம் காங்கோ ஆற்றங்கரையோரம் பாதை போட்டு, நிலையங்கள் அமைத்து, ஊர்த் தலைவர்களிடம் அவர்களால் படிக்க முடியாத ஒப்பந்தங்களில் அடையாளம் வாங்கிக் கொடுத்தார் ஸ்டான்லி. அந்தக் காகிதங்களைக் காட்டித்தான் 1885ல் லியோபோல்ட் காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக்கிக் கொண்டான். நாட்டின் சொத்தாகக்கூட அல்ல, அவனுடைய தனிச் சொத்து. அடுத்து வந்தது ரப்பர். குறித்த அளவு ரப்பர் கொண்டுவராத கிராமங்களைத் தண்டித்தார்கள், சுட்டார்கள், கைகளை வெட்டினார்கள். 1908 வரை இது நடந்தது. ரப்பர் கொடுமை உச்சத்தில் இருந்தபோது ஸ்டான்லி அங்கே இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கதவைத் திறந்து கொடுத்த கை அவருடையது.

1904ல் ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. நிசாலா என்கிற ஒரு தகப்பன் திண்ணையில் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவன் முன்னால் தரையில் ஒரு சின்னக் கை, ஒரு சின்னப் பாதம். அவனுடைய ஐந்து வயது மகளுடையவை. அவன் அழவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் லேப்டாப்பை மூடிவிட்டு, உள்ளே போய் மகள் தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

காங்கோ ஆற்றின் வளைவில் 1883ல் ஸ்டான்லி போட்ட நிலையம்தான் பிறகு ஸ்டான்லிவில் என்று நகரமானது. பத்ரிஸ் லுமும்பா தபால் அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்த ஊர் அது. அங்கேதான் அவருடைய அரசியல் வேர்விட்டது. 1960 ஜூன் 30ல் காங்கோ விடுதலை பெற்றபோது முதல் பிரதமரானார். ஏழே மாதத்தில், 35 வயதில், சுட்டுக் கொன்றார்கள். உடலைக்கூட மிச்சம் வைக்கவில்லை. ஒரே ஒரு பல்லை, 2022ல்தான் பெல்ஜியம் அவர் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தது.

1966ல் காங்கோ அரசு அந்த ஊருக்குக் கிசங்கானி என்று பெயரை மாற்றிவிட்டது. டாம்பா பூங்காவில் ஸ்டான்லிவில் பகுதி திறந்தது 1973ல். சொந்த ஊரில் கழற்றி ஏழு வருடமான பெயரை, வேறொரு நாட்டில் புதிதாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். 1970களில் பூங்காவுக்கே கொஞ்ச காலம் ‘இருண்ட கண்டம்’ என்றுதான் பெயர் இருந்திருக்கிறது.

இப்படி ஆனதற்குக் காரணம் பூங்கா பிறந்த விதத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். 1959ல் இது ஒரு பீர் ஆலையை ஒட்டிய தோட்டம். ஆலையைச் சுற்றிப் பார்க்கலாம், பறவைகளைப் பார்க்கலாம், பீர் ருசிக்கலாம், எல்லாம் இலவசம். 1965ல் ஒரு புல்வெளியில் ஆப்பிரிக்க விலங்குகளைத் திறந்துவிட்டு செரங்கெட்டி சமவெளி என்று பெயர் வைத்தார்கள். இப்போது அது சுமார் 65 ஏக்கர். டான்சானியாவில் இருக்கும் நிஜ செரங்கெட்டித் தேசியப் பூங்கா 14,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். விலங்கு வந்தது, பிறகு ராட்டினம் வந்தது, 1995ல் பீர் ஆலையே மூடப்பட்டது. ஆப்பிரிக்காவின் மனிதர்கள் மட்டும் எந்தக் கட்டத்திலும் வந்து சேரவே இல்லை.

விலங்குகள் விஷயத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். போன வருடம் திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்திருந்தபோது சமவெளிக்குள் போகும் திறந்த லாரியில் கூட்டிப்போனேன். கையில் ஒரு கீரை இலையைக் கொடுத்தார்கள். ஒட்டகச்சிவிங்கி தலையைத் தாழ்த்தி, முழ நீள நாக்கை நீட்டி, அம்மா விரலில் படாமல் இலையை மட்டும் சுருட்டி எடுத்தது. அம்மா அசையவே இல்லை. “நாவப்பழம் தின்ன புள்ள நாக்கு மாதிரி இருக்குடா” என்றாள். அந்த நிறம் அப்படியேதான் இருக்கிறது, கருநீலம். ஊருக்குத் திரும்பிப் போய் அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள், ஒர்லாண்டோவில் காட்டியதெல்லாம் மறந்தே போயிற்று.

2012ல் திறந்த விலங்கு மருத்துவ மையம் ஒன்றும் உள்ளே இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருத்துவர்கள் வேலை செய்வதை நாம் நின்று பார்க்கலாம். ஒரு நாள் ஒரு ஃபிளமிங்கோவின் காலுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் பறவையின் தலையைத் தன் உள்ளங்கையில் ஏந்தியபடி, ஒரு நிமிடம்கூடக் கையை மாற்றாமல் நின்றாள். மகள் முக்கால் மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கோஸ்டருக்குக் கூப்பிட்டும் வரவில்லை. ஒரு பறவையின் காலுக்கு இவ்வளவு அக்கறை காட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு பெயர்ப் பலகையைப் பற்றியும் அக்கறைப்படத் தெரியும் என்று நான் நம்புகிறேன்.

“விளையாடப் போற எடத்துல வரலாறு எதுக்குய்யா, அது வெறும் அலங்காரம்” என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. டாம்பாவில் வளரும் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்கா முதன்முதலில் அறிமுகமாகிற இடமே இதுதான். மொராக்கோ, எகிப்து, நைரோபி, காங்கோ, ஸ்டான்லிவில் என்று நடந்துகொண்டே போகிறார்கள். நான் புவியியல் பாடத்தில் கேள்வி கேட்காமல் ஒரு சொல்லை விழுங்கினேன் இல்லையா, அதே மாதிரிதான் இதுவும் உள்ளே இறங்கும். சிரிப்போடும் ஐஸ்கிரீமோடும் இறங்குவதால் இன்னும் ஆழமாகவே இறங்கும்.

பெயர் மாற்றுவது முடியாத காரியமும் இல்லை. ‘இருண்ட கண்டம்’ போனது. 2006ல் புஷ் கார்டன்ஸ் ஆப்பிரிக்கா என்று வைத்து, சில வருடத்தில் அதையும் மாற்றினார்கள். 2014ல் டிம்பக்டு என்ற பகுதியை எடுத்துவிட்டு பேன்டோபியா என்று கற்பனைப் பெயர் ஒன்று வைத்தார்கள். எனக்கு உண்மையாகவே வலித்தது இதுதான். டிம்பக்டு மாலியில் இருக்கும் நிஜ ஊர். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிஞர்களும் பள்ளிகளும் ஆயிரக்கணக்கான கையெழுத்துப் பிரதிகளும் இருந்த ஊர். ஆப்பிரிக்கர்களின் அறிவுக்குச் சாட்சியான பெயர் போயிற்று, அவர்களை அடிமைப்படுத்த வழி போட்டவரின் பெயர் இருக்கிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்திருக்க மாட்டார்கள். யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

சென்னை மவுண்ட் ரோட்டில் நீல் என்ற ஆங்கிலத் தளபதிக்குச் சிலை இருந்தது. 1857 எழுச்சியில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் தூக்கில் போட்டவன். 1927ல் நம் ஆட்கள் அந்தச் சிலைக்கு எதிராகப் போராடிச் சிறைக்குப் போனார்கள். 1937ல் ராஜாஜி ஆட்சிக்கு வந்த பிறகு அது அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அதனால் சென்னையில் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். ஸ்டான்லிவில் என்ற பலகையை எடுத்துவிட்டு கிசங்கானி என்று எழுதுங்கள். பக்கத்தில் அந்த ஊர் மக்களைப் பற்றி நான்கு வரி வையுங்கள். கிசங்கானி அருவியில் வாகேனியா மீனவர்கள் இருக்கிறார்கள். பாய்ந்து வரும் வெள்ளத்துக்கு நடுவே பாறை இடுக்கில் பெரிய மரக்கழிகளை ஊன்றி, கொடியால் இழுத்துக் கட்டி, அதில் கூம்பு மாதிரி ஆள் உயரக் கூடைகளைத் தொங்கவிட்டு மீன் பிடிப்பவர்கள். நம் ஊர் வாய்க்காலில் வைக்கும் பறி தெரியுமல்லவா, அதே சங்கதிதான், ஆனால் யானைக்கு வைத்தது மாதிரி பெரிசு. அந்தக் கழிகளின் மேல் வெறுங்காலோடு ஏறி நின்று, கீழே நுரைத்து ஓடும் ஆற்றைப் பார்க்கிற மனிதனுக்கு ஷீக்ரா விளிம்பில் தொங்குகிறவர்களின் பயம் நன்றாகவே புரியும். அந்தப் படத்தை வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்கிற மாதிரி மாட்டட்டும். முக்கால் மணி நேரம் நின்றுகொண்டுதானே இருக்கிறோம்.

பூங்கா நிர்வாகத்துக்கு இதை மரியாதையாக ஒரு கடிதமாக எழுதியிருக்கிறேன். நிசாலாவின் புகைப்படத்தைப் பற்றி மகளிடம் இன்னும் சொல்லவில்லை, அதற்கு வயது வரட்டும். பெயரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கிசங்கானியை வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்து, மீனவர்களின் கூடையைப் பென்சிலில் வரைந்து, அதையும் கடிதத்தோடு வைக்கச் சொன்னாள். வைத்திருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை மறுபடி போகிறோம். இந்தத் தடவை ஷீக்ராவில் முதல் வரிசை வேண்டுமாம். டாம்பா பக்கம் இருக்கிற நண்பர்கள் யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் ஒட்டகச்சிவிங்கிகளைப் பார்த்துவிடலாம்.