கேள்வி இல்லை, ஒரு சின்னக் கருத்து

நான்கு நிமிடம் நாற்பது நொடி. ஒரு மாநாட்டின் கேள்வி நேரத்தில் ஒரு மனிதர் கேள்வி கேட்காமல் பேசிய நேரம் அது. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, ஃபோனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன். அனிமேஷன் படங்களில் புரொடக்‌ஷன் வேலை பார்ப்பவர்களுக்குக் கோபம் வந்தால் கத்தத் தோன்றாது, நேரம் குறிக்கத்தான் தோன்றும்.

அவர் மைக்கை வாங்கிய விதத்திலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. கேள்வி கேட்க வந்தவர் மைக் கைக்கு வந்ததும் மேடையைப் பார்ப்பார். இவர் அதை ஒருமுறை தட்டிப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், மேடைக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். அப்புறம் அந்தத் திருவாசகம்: "இது கேள்வி இல்லை, ஒரு சின்னக் கருத்து."

சின்ன!

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மாநாடு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முடிக்கு ஓர் அமர்வு, ஈர முடிக்கு ஓர் அமர்வு, தண்ணீருக்கு மூன்று, புகைக்கு இரண்டு. அந்த முடியையும் புகையையும் எந்தத் தேதிக்குள் யார் முடித்து யாரிடம் கொடுப்பது என்று பேச, நான்கு நாளில் மொத்தம் ஒரே ஓர் அமர்வு. அதுவும் கடைசி நாள், கடைசி வேளை, இருப்பதிலேயே சின்ன அறை. பக்கத்துப் பெரிய அரங்கில் அதே நேரத்தில் ஒரு பிரம்மாண்டப் படம் உருவான கதை. அங்கே கை தட்டும்போதெல்லாம் எங்கள் சுவர் அதிர்ந்தது. இருபது நிமிடப் பேச்சு, ஐந்து நிமிடக் கேள்வி நேரம். இந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் வந்தேன் என்று சொன்னால் என்னை அனுப்பிவைத்தவர்கள் வருத்தப்படுவார்கள். ஆனால் அதுதான் உண்மை.

மூன்று மாதமாக ஒரு கேள்வியை வைத்திருந்தேன். ஒரு ஷாட்டில் பாத்திரத்தின் நடிப்பு அப்ரூவ் ஆகிவிட்டது. அதை நம்பித் துணி அசைவைக் கணக்கிடும் சிமுலேஷன் ஓடுகிறது, முடி ஓடுகிறது, லைட்டிங்கில் ஒருவர் வேலையைத் தொடங்கிப் பாதி தூரம் வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து கேமரா கோணத்தை முடிவு செய்யும் லேஅவுட் துறையில் யாரோ கேமராவைக் கொஞ்சூண்டு நகர்த்துகிறார்கள். பிக்சார் 2016-ல் யூஎஸ்டியை (முப்பரிமாணக் காட்சிகளை அடுக்கடுக்காக வைத்துக்கொள்ளும் கோப்பு முறை) திறந்த மூலமாக வெளியிட்டது. அது கைக்கு வந்த பிறகு ஒரே ஷாட்டில் ஒவ்வொரு துறையும் தன் தன் அடுக்கில் வேலை செய்ய முடிகிறது. நல்ல விஷயம், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் கீழே கேமரா மாறியது கோப்புக்குத் தெரியும், மேலே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு எப்படித் தெரியும்? பழைய கேமராவை வைத்து ஏற்கனவே ரெண்டர் ஃபார்முக்கு (இறுதிப் பிம்பங்களைக் கணக்கிடும் கணினிக் கூட்டம்) போன ஃபிரேம்களை யார் நிறுத்துவது? இதுதான் கேள்வி. சொல்லிப் பார்த்திருக்கிறேன், பதினெட்டு நொடியில் முடியும்.

என் கை இரண்டாவதாக உயர்ந்தது. அவருடையது முதலாவதாக. விதி.

முதல் நிமிடம் 1986-ல் தொடங்கியது. ஜேம்ஸ் கஜியா, ஒரு காட்சியில் ஒளி எப்படிப் பரவுகிறது என்று சொல்லும் ரெண்டரிங் சமன்பாட்டுக் கட்டுரையை வெளியிட்ட வருடம். அறையில் இருந்த யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்படாதது போல எழுத்துக் கூட்டி உச்சரித்தார். அதைத் தான் முதன்முதலில் படித்தபோது எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதும் வந்தது. மேடையில் இருந்தவர் தலையசைத்தார். ஷாட் கண்காணிப்பு பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டு நிற்கிற பாவம், வேறு என்ன செய்வார்?

இரண்டாவது நிமிடம், ஒளியின் பாதைகளைப் பின்தொடர்ந்து படத்தைக் கணக்கிடும் பாத் டிரேசிங்கில் வரும் இரைச்சல். பிம்பத்தில் தெரியும் புள்ளி புள்ளியான அந்த இரைச்சலைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் மாதிரிக்கு எடுக்கும் ஒளிப்பாதைகளை நான்கு மடங்காக்க வேண்டும். சரியான தகவல். சொல்பவருக்குத் தன் பேச்சில் எத்தனை மடங்கு ஏற்றியும் இரைச்சல் குறையவில்லை என்பதுதான் தெரியவில்லை. படத்துக்கு இரைச்சல் நீக்கும் டீநாய்சர் கண்டுபிடித்த புண்ணியவான்கள் கேள்வி நேரத்துக்கும் ஒன்று செய்திருக்கலாம்.

மூன்றாவது நிமிடத்தில் டீபாட் வந்தது. வராமல் இருக்குமா? 1975-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் உருவாக்கிய, எல்லாரும் சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் அந்த முப்பரிமாண டீபாட் மாடல் இல்லாமல் இந்தத் துறையில் ஒரு சொற்பொழிவு முடிந்ததாகச் சரித்திரம் உண்டா? அதன் முதல் மாடலுக்கு அடிப்பாகமே கிடையாது, பின்னால்தான் சேர்த்தார்கள். இவருடைய கருத்தும் அப்படித்தான். மூக்கு இருக்கிறது, பிடி இருக்கிறது, பளபளவென்று மூடி இருக்கிறது. அடி இல்லை. எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது.

இதற்குள் நான் கணக்குப் போட ஆரம்பித்திருந்தேன். (தொழில் நோய்.) முடிந்தபோது நான்கு நிமிடம் நாற்பது நொடி, அதாவது 280 நொடி. நொடிக்கு 24 வீதம் 6,720 ஃபிரேம். ஒரு முழுநீளப் படத்தில் ஓர் அனிமேட்டர் வாரத்துக்குச் சில நொடிகள்தான் முடிப்பார். தாராளமாக நான்கு என்றே வைத்துக்கொண்டாலும் 70 வாரம். ஓர் ஆளை ஒரு வருடத்துக்கும் மேலே இதற்கென்றே உட்கார வைக்க வேண்டும். ரெண்டர்? ஃபிரேமுக்குப் பத்து மணி நேரம் என்றால் 67,200 மணி நேரம். ஒரே கணினியில் ஓட்டினால் ஏழரை வருடத்தைத் தாண்டும்.

ஏழரை. சும்மா வரவில்லை அந்த எண்.

அவர் 1986-ல் தொடங்கினார் அல்லவா, அதே 1986-ல், டாலஸில் நடந்த அதே சிக்கிராஃப் மாநாட்டில்தான் பிக்சாரின் லக்ஸோ ஜூனியர் குறும்படமும் முதன்முதலில் திரையிடப்பட்டது. இரண்டு மேசை விளக்குகள், ஒரு பந்து. ஒரு வார்த்தை வசனம் இல்லை, முகம் கூடக் கிடையாது. ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் பெற்றவர் பொறுமை, பிள்ளை குறும்பு எல்லாம் வந்துவிட்டது. அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வரும் நேரத்தில், வாயும் மைக்கும் உள்ள ஒரு மனிதரால் ஒரு கேள்விக்குறியை எட்டிப்பிடிக்க முடியவில்லை. சிக்கிராஃபில் ஆய்வுக் கட்டுரைகளுக்கு முன்னோட்டம் என்று ஓர் அமர்வு உண்டு. வருடக்கணக்கில் உழைத்தவர்கள் ஆளுக்கு ஒரு நிமிடம் கூடக் கிடைக்காமல், இருக்கும் நொடிகளில் சொல்லிவிட்டு இறங்குவார்கள். அந்த வரிசையில் இவரைப் பத்தாவதாக நிறுத்தி, பின்னால் இருப்பவர்கள் தள்ளுவதைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை.

நான்காவது நிமிடத்தில் திடீரென்று தலைப்புக்கு வந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அந்த வகையில் பார்த்தால், நீங்கள் சொல்கிற தகவல் பரிமாற்றமும் ஒளி பரவுவது போலத்தானே?" என்றார். ஆமாம் ஐயா. லேஅவுட்டில் கிளம்பி, அனிமேஷனில் பட்டுத் தெறித்து, லைட்டிங்கில் விழுந்து, கடைசியில் யார் கண்ணுக்கும் படாமல் போய்விடுகிறது. அதைத்தான் நான் கேட்க வந்தேன், உட்காருங்கள்.

உட்காரவில்லை. தன் மாணவர் ஒருவரைப் பற்றி இன்னும் முப்பது நொடி. அப்புறம்தான் "என்ன நினைக்கிறீர்கள்?" என்று முடித்தார். மேடையில் இருந்தவர், "சுவாரசியமான பார்வை, நன்றி" என்றார். பாக்கி இருந்த இருபது நொடியை நெறியாளர் எடுத்துக்கொண்டு, நேரம் போனதே தெரியவில்லை என்றார். எனக்குத் தெரிந்தது அம்மா, நொடி நொடியாகத் தெரிந்தது. மீதிக் கேள்விகளை வெளியே வைத்துக்கொள்ளலாமாம். கதவருகில் நாற்காலி அடுக்க ஆள் வந்து நின்றாகிவிட்டது.

வெளியே போனேன். பேச்சாளரைச் சுற்றி ஏழு பேர். முதல் ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? அவரேதான். விசிட்டிங் கார்டு நீட்டிக்கொண்டு, "உள்ளே முழுதாகச் சொல்ல முடியவில்லை" என்கிறார். இதைக் கேட்டும் நான் ஒன்றும் செய்யாமல் நின்றேன் என்பதை என் நன்னடத்தைக்குச் சாட்சியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஒன்பது நிமிடம். அதன் ஃபிரேம் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், எனக்குத் தெம்பு இல்லை.

ஒருவழியாக என் முறை வந்தது. பதினெட்டு நொடியில் கேட்டேன். பேச்சாளர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "அது மட்டும் இன்னும் எக்செல்லில்தான் இருக்கிறது. எங்கள் கோஆர்டினேட்டர் ஒருவர் தினமும் காலையில் அதைத் திறந்து பார்த்து, எல்லார் மேசைக்கும் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருவார்" என்றார்.

நான் எங்கள் இடத்தில் காலையில் என்ன செய்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மூன்று மாதம் சுமந்த கேள்வி, நான்கு நாள் மாநாடு, எக்செல். அந்தக் கோஆர்டினேட்டர் லீவு போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "போடமாட்டார்" என்றார். அதுவும் எனக்குத் தெரிந்த பதில்தான்.

சரி, அதெல்லாம் போகட்டும். கழுத்தில் மாட்டிவிடுகிறார்களே ஓர் அட்டை, அதற்கு இரண்டு பக்கமும் பெயர் அச்சடித்தால் என்ன கேடு? ஒரே கயிறு, ஒரே கொக்கி, நடக்கிற நடையில் அது எப்போதும் திரும்பித்தான் தொங்கும். ஒளிக்கற்றை எத்தனை முறை தெறிக்கும் என்று கணக்குப் போடத் தெரிந்த ஆயிரக்கணக்கான பேர் கூடும் இடத்தில் ஓர் அட்டை எந்தப் பக்கம் தொங்கும் என்று ஒருவருக்கும் தெரியாதா? முப்பது நிமிடம் மனம்விட்டுப் பேசியவர்கள் கூட என் பெயர் தெரியாமல்தான் போயிருக்கிறார்கள். நான்கு நாளும் என் நெஞ்சில் தொங்கியது வைஃபை கடவுச்சொல். அதுவும் ஒருமுறை கூடக் கிடைக்காத வைஃபை.