பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?

"வீட்டுல பழைய புத்தகம் கிடக்கு, ஏதாவது கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துடலாமா?" என்று இந்த மாதம் மட்டும் நாலு பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள்.

ஆறு வருடம் முன்னால் நானும் இரண்டு நண்பர்களும் மூன்று அட்டைப்பெட்டி நிறையப் புத்தகங்களை உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இறக்கினோம். போட்டோ எடுத்து இங்கேயே போட்டேன், நீங்களும் இதயமாகக் குவித்தீர்கள். நாலு மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தால், பெட்டிகள் பீரோ மேலே இருக்கின்றன. ஒட்டிய டேப்கூட அறுக்கவில்லை.

சண்டை போடத்தான் போனேன். நூலகப் பொறுப்பைக் கூடுதலாகச் சுமக்கும் தமிழாசிரியர் நிதானமாகச் சொன்னார்: "சார், பதிவேட்டுல ஏத்திட்டா ஒவ்வொண்ணுக்கும் நான் பதில் சொல்லணும். ஆடிட்ல ஒண்ணு குறைஞ்சாலும் என் தலையிலதான் விடியும்." நூலகர் என்று அங்கே தனியாக யாரும் கிடையாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் பூட்டித்தான் வைத்திருப்பேன்.

சரி என்று பெட்டியைப் பிரித்தோம். வங்கித் தேர்வு கைடு, விண்டோஸ் 98 கற்றுக்கொள்ள ஒரு புத்தகம், தலையணை தடிமனுக்கு வேதாந்த விளக்கம். வெட்கமாகப் போய்விட்டது. தானம் என்ற பெயரில் பரணைக் காலி பண்ணியிருக்கிறோம்.

நூலகத்துக்கு நாம் செலவே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் கட்டுகிறோம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் நம் மாகாணத்தில்தான் வந்தது, சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் பல வருட உழைப்பு அது. 2023 ஜூலை 15-ல் திறந்த மதுரை நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஏசியில் உட்கார்ந்து படிக்கும்போது எனக்கும் பெருமைதான். ஆனால் சேடப்பட்டியிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை யார் பஸ் ஏற்றி அங்கே கூட்டிவருவது? சாயங்காலம் மணி அடித்ததும் ஊர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பிள்ளை அது.

பள்ளிக்கும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூலக மானியம் உண்டு, பள்ளியைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 வரை. புத்தகம் இல்லாமல் இல்லை, பீரோவுக்குள் இருக்கிறது. நூலகப் பாடவேளையும் கால அட்டவணையில் இருக்கிறது, அரையாண்டு நெருங்கினால் கணக்கு சார் எடுத்துக்கொள்வார். (கணக்கு வாத்தியார் நண்பர்கள் அன்ஃப்ரெண்ட் செய்யாதீர்கள்.)

டவுனில் இருக்கிற நமக்குப் புரியாத ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் முயல் படம் போட்ட குழந்தைப் புத்தகத்தைக் கொடுத்தால் கூச்சப்பட்டு டெஸ்க்குக்குள் தள்ளிவிடுவார்கள். அரசின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாகப் போட்ட சின்னப் புத்தகங்களை நான் மெச்சுவது இதனால்தான். ஒல்லியான புத்தகம், ஒரே மூச்சில் முடிகிறது. முடித்தேன் என்று சொல்ல ஒன்று கிடைக்கிறது. வாக்கியம் சின்னதாகவும் விஷயம் அவர்கள் வயதுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். பேய், கிரிக்கெட், போலீஸ், வாடிவாசல் காளை, எதுவானாலும் சரி.

இப்போது நாங்கள் பீரோவை நம்புவதில்லை. புத்தகம் எங்களுடையது, பள்ளிக்கு இரவல், தொலைந்தால் எங்கள் பாடு என்று தலைமையாசிரியரிடம் எழுதியே கொடுத்துவிட்டோம். வராண்டாவில் கயிறு கட்டி, துணி கிளிப்பில் புத்தகங்கள் தொங்குகின்றன. இரண்டு மாணவிகள் நாற்பது பக்க நோட்டில் கணக்கு எழுதுகிறார்கள். முதல் வருடம் கால்வாசி திரும்பவில்லை. ஒரு பையனைக் கேட்டேன். "எங்க அக்கா வச்சிருக்கு சார். மில்லு வேன்ல போகும்போது படிக்குது" என்றான். இதைத் தொலைந்த கணக்கில் எழுதுவதா?

புத்தகம் பயன்படுத்தத்தான் என்பது ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதி. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டிவைத்ததிலிருந்துதான் அவர் அதைப் பேச ஆரம்பிக்கிறார். நம் பீரோ பூட்டு அதற்குத் தம்பி முறை. அவர் அதை எழுதிய அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது!

கைடுகளை எடைக்குப் போட்டுவிடுங்கள், வருகிற காசை அனுப்புங்கள். அடுத்த வெள்ளி காலை ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறுகிறோம், வருகிறவர்கள் சொல்லுங்கள். ஒல்லியான பேய்க்கதை இருந்தால் எடுத்துவாருங்கள். போன தடவை கொண்டுபோனது இன்னும் மில் வேனில்தான் இருக்கிறது.