பணம் வங்கியில், வாடிக்கையாளர் செயலியில்

கொஞ்ச நாள் முன்பு போனில் ஒருவருக்குப் பணம் அனுப்பினேன். என் கணக்கில் கழிந்துவிட்டது, அவருக்குப் போய்ச் சேரவில்லை. செயலியின் உதவிப் பக்கத்தில் கேட்டால் உங்கள் வங்கியைக் கேளுங்கள் என்று பதில். வங்கிக்கு போன் செய்தால் செயலியிலேயே புகார் பதியுங்கள் என்று பதில். மூன்றாம் நாள் பணம் திரும்பி வந்துவிட்டது, அது சரி. ஆனால் அந்த மூன்று நாளும் நான் திட்டியது வங்கியைத்தான். மற்ற நாட்களில் நொடியில் பணம் போய்ச் சேரும்போது வங்கியின் பெயர் எனக்கு ஞாபகமே வந்ததில்லை, செயலியைத்தான் மெச்சியிருக்கிறேன். அன்றிலிருந்து இது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மொபைல் பேமென்ட் வந்து வங்கிகளை ஒழித்துக்கட்டிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தியாவின் யூபிஐ ஆகட்டும், பிரேசிலின் பிக்ஸ் ஆகட்டும், பெரும்பாலும் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத்தான் பணம் போகிறது. கணக்கு வங்கியில் இருக்கிறது, ஆள் யார் என்று சரிபார்த்தது வங்கி, சர்வர் சுமையும் வங்கிக்குத்தான். வங்கி எங்கேயும் போகவில்லை, வாடிக்கையாளரின் கண்ணில் படுவது மட்டும் நின்றுபோய்விட்டது.

முதல் அடி வருமானத்தில். கார்டில் பணம் வாங்கும் வணிகர் ஒரு கமிஷன் கொடுக்கிறார். கார்டு கொடுத்த வங்கி, வணிகரின் வங்கி, நடுவில் விசா, மாஸ்டர்கார்டு மாதிரி ஒரு நெட்வொர்க், இவர்கள் அதைப் பிரித்துக்கொள்கிறார்கள். பொதுவாகப் பெரிய பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு. அதற்கு இன்டர்சேஞ்ச் என்று பெயர், நமக்கு வரும் ரிவார்டு பாயின்ட், கேஷ்பேக் எல்லாம் பெரும்பாலும் அங்கிருந்து வருபவைதான். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இதற்கு உச்சவரம்பு வைத்து டெபிட் கார்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம் என்று சுருக்கியது. சட்டம் ஒரு பக்கம் இப்படிச் சுருக்க, கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் போகும் முறை வந்து கார்டையே தேவையில்லாமல் ஆக்கத் தொடங்கியது. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்றே விதி வந்தது.

கார்டை விடாமல் வைத்திருக்கும் முறைகளிலும் வங்கிக்கு நிம்மதி இல்லை. கார்டை ஐபோனில் ஏற்றிவைத்துப் பணம் கட்டும் ஆப்பிள் பே 2014 அக்டோபரில் அமெரிக்காவில் தொடங்கியபோது கார்டு வங்கிகள் முண்டியடித்துக்கொண்டு சேர்ந்தன. கிரெடிட் கார்டு பரிவர்த்தனையில் 0.15 சதவீதம் ஆப்பிளுக்கு வங்கி தர வேண்டும் என்று அப்போதே செய்திகளில் வந்தது. தன் கார்டு, தன் கடன், தன் ரிஸ்க், ஆனாலும் வாசலில் நிற்பவருக்கு வாடகை. கடையில் போனை மெஷினுக்குப் பக்கத்தில் காட்டினாலே பணம் கட்ட வைக்கும் ஐபோனின் என்எஃப்சி வசதியை, வேறு யாரும் பேமென்டுக்குத் தொட முடியாதபடி ஆப்பிள் பல வருடம் பூட்டி வைத்திருந்தது, ஐரோப்பிய ஆணையம் விசாரணை நடத்தி 2024இல்தான் அதைத் திறக்கும் உறுதிமொழியை வாங்கியது. அப்புறம் இன்னொரு விஷயம், போனில் முதலாவதாக எந்த கார்டு நிற்கிறதோ அதுதான் எப்போதும் போகிறது, பர்ஸில் இருக்கும் மற்ற கார்டுகளை யாரும் தேடுவதில்லை.

கமிஷன் போனதைவிடப் பெரிய இழப்பு, வாடிக்கையாளரைப் பற்றிய அறிவு போனது என்று நினைக்கிறேன். யார் எப்போது எங்கே செலவு செய்கிறார், மாதக் கடைசியில் திணறுகிறாரா, புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கிறாரா என்பதெல்லாம் வங்கிக்குத் தெரிந்திருந்தது. இப்போது ஒருவருக்கு நாலு வங்கியில் கணக்கு இருந்தாலும் அத்தனையும் ஒரே செயலியில் இணைந்திருக்கின்றன, ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு துண்டுதான் தெரிகிறது, முழுப்படம் செயலிக்குத்தான். கடன் வேண்டுமா என்று முதலில் கேட்பதும் அதுதான். அந்தக் கடனுக்குப் பணம் போடுவது பின்னால் இருக்கும் ஏதோ ஒரு வங்கியாக இருக்கும்.

சீனாவில் இது டெபாசிட் வரைக்கும் போனது. அலிபே 2013இல் யூஎபாவ் என்ற நிதித் திட்டத்தைக் கொண்டுவந்தது, செயலியில் சும்மா கிடக்கும் பணத்துக்கு வங்கிச் சேமிப்புக் கணக்கைவிட அதிக வருமானம் கிடைக்க, ஜனங்கள் பணத்தை அங்கே நகர்த்தினார்கள். குறைந்த வட்டி டெபாசிட்தான் வங்கியின் உயிர், அதிலேயே கைவைத்தாகிவிட்டது. அலிபே மாதிரி பேமென்ட் நிறுவனங்கள் தங்கள் செயலியில் கிடக்கும் வாடிக்கையாளர் பணம் முழுவதையும் மத்திய வங்கியில் வைக்க வேண்டும் என்ற விதி முழுமையாக அமலுக்கு வர 2019 ஜனவரி ஆனது.

வங்கிகள் பாவம் என்று சொல்ல வரவில்லை. ஸ்வீடனில் பெரிய வங்கிகள் ஒன்றுகூடி 2012லேயே ஸ்விஷ் என்ற சேவையைத் தாங்களே கட்டின, அதனால் அங்கே வாடிக்கையாளர் கைவிட்டுப் போகவில்லை. மற்ற இடங்களில் எத்தனை வங்கிகள் பத்து வருடம் தூங்கிவிட்டு, மெதுவான, அடிக்கடி படுத்துக்கொள்ளும் செயலிகளைக் கொடுத்துவிட்டு இப்போது வருத்தப்படுகின்றன!

கிரெடிட் கார்டு மட்டும் தப்பிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. டெபிட் கார்டு செய்யும் வேலையை போன் செய்துவிடும், ஆனால் கிரெடிட் கார்டு அடிப்படையில் ஒரு கடன். கூடவே, பொருள் வராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் வழியும் அதில் உண்டு. கணக்கிலிருந்து மோசடிக்காரனுக்கு நம் கையாலேயே அனுப்பிவிட்டால் அப்படி ஒரு வழி பொதுவாக இல்லை.

இந்த ஓட்டையை பிரிட்டன் அடைக்கப் பார்க்கிறது. 2024 அக்டோபர் 7 முதல் அங்கே இப்படி ஏமாந்தவருக்கு 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும், பணம் அனுப்பிய நிறுவனமும் பெற்ற நிறுவனமும் ஆளுக்குப் பாதி. நல்ல விதிதான், முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பாதிக்குப் பாதியில், நடுவில் திரையை மட்டும் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரைப் பிடித்து வைத்திருப்பவர்களுக்குப் பங்கு எங்கே? கமிஷன் வேண்டாம் என்று சட்டம் போடும் அரசாங்கங்கள் இதையும் சேர்த்துப் போட வேண்டும்: பணம் சிக்கினால் புகாரை எடுத்துக்கொண்டு முடித்துக் கொடுப்பது, நான் எந்தச் செயலியில் பொத்தானை அழுத்தினேனோ அதன் வேலை, அதற்கான செலவிலும் அதற்குப் பங்கு உண்டு. வங்கியோடு அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும், நடுவில் என்னை ஓடவிட வேண்டாம்.