உளவியல் துறையின் சாதனைப் பட்டியலைப் பற்றி ஒரு புலம்பல்

நான் படித்த உளவியல் துறையின் செய்தி மடல் இந்த முறையும் மெயிலில் வந்திருக்கிறது. பழைய மாணவர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்க அவர்களுக்கும் தோன்றவில்லை, எடுக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. இன்னாருக்கு விருது, இன்னாருக்கு ஆராய்ச்சி நிதி, இந்த வருடம் இத்தனை பேப்பர், இத்தனை முனைவர் பட்டம், இன்னார் இன்ன கருத்தரங்கில் சிறப்புரை. கூடவே சான்றிதழைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படங்கள். பாதி தெரிந்த முகங்கள் என்பதால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசிப் பக்கம் வரும்போது ஒவ்வொரு முறையும் லேசாக ஓர் எரிச்சல் வந்துவிடுகிறது. அதைத்தான் இங்கே கொட்டப் போகிறேன். நீளமாக இருக்கும், நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

இத்தனை வருட மடல்களில் ஒரு தடவைகூட "இப்படி ஒன்று இருக்கும் என்று நினைத்துத் தேடினோம், இல்லை" என்று ஒரு வரி வந்ததில்லை. ஒரு துறையில் முதுகலை மாணவர்கள், ஸ்காலர்கள், பேராசிரியர்கள் என்று எல்லோரும் சேர்ந்து வருடத்துக்கு எத்தனை ஆய்வு செய்கிறார்கள்! அத்தனையிலும் நினைத்தது நினைத்தபடி வந்துவிடுமா என்ன? வேறு துறையாக இருந்தால் விட்டுவிடலாம். வென்றவர்களை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் மனித மூளை எப்படி ஏமாறும் என்று இரண்டாம் வருடத்திலேயே பாடம் எடுக்கிறவர்கள் இவர்கள். பாடத்தை எடுத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய், வென்றவற்றை மட்டும் வைத்து மடலைத் தயார் செய்கிறார்கள்.

இந்த நோய்க்கு 1979-லேயே ராபர்ட் ரோசென்தால் என்ற உளவியலாளர் பெயர் வைத்துவிட்டார்: மேசை இழுப்பறைப் பிரச்சினை. நினைத்த முடிவு வந்த ஆய்வு ஆய்விதழுக்குப் போகும், வராதது இழுப்பறைக்குள் போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முதல் வகை மட்டும்தான் கண்ணில் படும் என்பதால், இல்லாத ஒன்று இருப்பதாகவே எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். நம்பியது எவ்வளவு என்று 2015-ல்தான் பளிச்சென்று தெரிந்தது. மூன்று முக்கியமான உளவியல் ஆய்விதழ்களில் வந்த 100 ஆய்வுகளை, பிரையன் நோசெக் முன்னின்று நடத்திய ஒரு பெரிய கூட்டணி மறுபடி செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் "ஆமாம், விளைவு இருக்கிறது" என்று சொல்லியிருந்தன. மறுபடி செய்ததில் அப்படிச் சொன்னவை 36 சதவீதம். மீதி எல்லாம் பொய் என்று இதற்கு அர்த்தம் கிடையாது, மறுபடி செய்ததிலும் கோளாறு இருந்திருக்கலாம். ஆனால் அந்த நூறில் பெரும்பாலானவை ஏதோ ஒரு துறையின் பெருமைப் பட்டியலில் ஒரு வருடம் உட்கார்ந்திருந்திருக்கும் இல்லையா? அதை நினைத்தால்தான் எனக்கு உதைக்கிறது.

யாரும் பித்தலாட்டம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இதில் மோசமான விஷயம். சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் என்று மூன்று பேர் 2011-ல் ஒரு காரியம் செய்தார்கள். மாணவர்களில் சிலருக்கு வயதானதைப் பற்றிய ஒரு பழைய பாட்டைப் போட்டார்கள், சிலருக்கு வேறு ஏதோ இசை. பிறகு கணக்குப் போட்டு, அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு வயது ஏறக்குறைய ஒன்றரை வருடம் குறைந்துவிட்டது என்று "நிரூபித்தார்கள்". இளமையாக உணர்ந்தார்கள் என்று இல்லை, பிறந்த தேதிப்படியே வயது குறைவு! டேட்டா நிஜம், கணக்கும் நிஜம். நிறைய விஷயங்களை அளந்துவிட்டு, வந்ததை மட்டும் எழுதினார்கள், எத்தனை பேரோடு நிறுத்துவது என்பதை முடிவைப் பார்த்து முடிவு செய்தார்கள், அப்பாவின் வயதைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இதெல்லாம் அன்றைக்கு ஊர் உலகமே செய்துகொண்டிருந்த வேலை. இப்படித்தான் நம் துறையே நடக்கிறது என்று காட்டத்தான் அந்தக் கட்டுரையையே எழுதினார்கள். கடைசியில் எல்லாவற்றையும் அவர்களே போட்டு உடைத்துவிட்டார்கள். உடைக்காமல் இருந்திருந்தால் அதுவும் மடலில் வந்திருக்கும், படத்தோடு.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. முன்பதிவு அறிக்கை என்று ஒரு முறை 2013 வாக்கில் ஆரம்பித்தது. கேள்வி என்ன, எத்தனை பேரிடம் செய்யப் போகிறோம், டேட்டாவை எப்படி அலசுவோம் என்பதையெல்லாம் முதலிலேயே எழுதி ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். திட்டம் சரியாக இருந்தால், ஆய்வு தொடங்கும் முன்பே "முடிவு எது வந்தாலும் போடுகிறோம்" என்று ஏற்றுக்கொள்வார்கள். பிறகு என்ன ஆகிறது தெரியுமா? வழக்கமான உளவியல் கட்டுரைகளில் 96 சதவீதம் தாங்கள் நினைத்ததே சரி என்று முடிந்திருக்க, இந்த முறையில் வந்தவற்றில் 44 சதவீதம்தான் அப்படி முடிந்தன என்று 2021-ல் வந்த ஓர் ஒப்பீடு சொல்கிறது. மனிதர்களைப் பற்றி நாம் போடுகிற ஊகங்களில் பாதிக்கு மேல் தப்பு என்பது எனக்கென்னவோ இயல்பாகவே படுகிறது. அந்த 96-தான் பயமுறுத்துகிறது.

என்னைக் கேட்டால், திட்டம் ஏற்கப்பட்ட அன்றே மடலில் போட வேண்டும். அதுதான் ஆய்வாளரின் திறமைக்குக் கிடைத்த மதிப்பெண். முடிவு எப்படி வருகிறது என்பது அவர் கையில் இல்லை, இருக்கவும் கூடாது.

ஏமாற்றினவர் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமென்ட்டில் யாராவது கேட்பீர்கள். நெதர்லாந்தில் டில்பர்க் பல்கலைக்கழகத்தின் டீடரிக் ஸ்டாப்பல், சமூக உளவியலில் நட்சத்திரம், புலத் தலைவர் பதவி வரைக்கும் போனவர். டேட்டாவைத் தானே வீட்டில் உட்கார்ந்து இட்டுக்கட்டி, சேகரித்து வந்ததாகச் சொல்லித் தன் ஆய்வு மாணவர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் அதை நம்பி ஆய்வேடே எழுதினார்கள். 2011-ல் குட்டு வெளிப்பட்டு, பிறகு 58 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அது வரைக்கும் எந்தப் பட்டியலை எடுத்தாலும் அவர்தான் முதல் வரி. அவரைப் பிடித்துக் கொடுத்தவர்கள் யார்? துறையிலிருந்த மூன்று இளம் ஆய்வாளர்கள். தங்கள் எதிர்காலத்தையே பணயம் வைத்துப் போய்ச் சொன்னவர்கள். இதை எந்தத் தலைப்பின் கீழ் போடுவீர்கள்? "விருதுகள்", "வெளியீடுகள்", "நிதி", மூன்றிலும் பொருந்தாது.

அப்புறம் இந்த ஆய்வுக்கூடத்து வேலைகள். என் சீனியர் ஒருவர் எதிர்வினை நேரம் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். திரையில் ஒரு சொல் வரும், பார்த்தவுடன் பட்டனை அழுத்த வேண்டும். இரண்டு வகைச் சொற்களுக்கு நடுவே எதிர்பார்க்கும் வித்தியாசமே இருபது முப்பது மில்லி விநாடிதான். சாதாரண 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒரு முறைதான் படத்தை மாற்றும். ஒரு சட்டகம், அதாவது அப்படி மாறும் ஒரு படம், பிந்தினால் ஆய்வின் பாதி போச்சு. அவருக்கு ஏதோ சந்தேகம் வந்து, திரையின் மூலையில் ஓர் ஒளி உணரியை ஒட்டி வைத்துப் பொறுமையாக அளந்து பார்த்தார். படத்தோடு காட்டும் சொற்களெல்லாம் ஒரு சட்டகம் பிந்தித்தான் வந்துகொண்டிருந்தன. அவர் அதுவரை சேர்த்த டேட்டா மொத்தமும் குப்பைக்குப் போனது. கைடு முகம் கொடுத்துப் பேசவில்லை, பட்டம் தள்ளிப்போனது. ஆனால் அதற்குப் பின்னால் வந்த ஒவ்வொரு ஸ்காலரும் அந்த உணரியை ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆய்வைத் தொடங்கினார்கள். அந்தத் துறை செய்த நல்ல ஆராய்ச்சிகளில் அதுவும் ஒன்று என்பேன். மடலில் அவர் பெயர் வந்தது பட்டம் வாங்கிய வருடம் மட்டும், நாற்பது பெயர்களில் ஒன்றாக.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்குப் பெயரே கிடையாது. ஆய்வில் பங்கேற்பவர்கள். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் 1962-ல் எழுதியது பாடப்புத்தகத்தில் இருக்கிறது: வலிப்புக்கான அறுவை சிகிச்சைக்குப் பின் புதிய நினைவுகளே நிற்காமல் போன ஒருவரிடம், கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் இரண்டு கோடுகளுக்கு நடுவே பென்சிலால் வரையச் சொன்னார். மூன்று நாளில் அந்த ஆள் நன்றாகத் தேறிவிட்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் இதைத் தான் முதன்முறையாகச் செய்வதாகவே அவருக்குத் தோன்றியது. கைக்கு ஞாபகம் இருக்கிறது, ஆளுக்கு இல்லை. நினைவு என்பது ஒன்றல்ல என்ற இன்றைய புரிதலுக்கு அந்த மனிதர் ஐம்பது வருடத்துக்கும் மேலாக உட்கார்ந்து கொடுத்திருக்கிறார். ஆய்வுகளில் அவரைக் குறித்த ஹெச்.எம். என்ற இரண்டு எழுத்துக்குப் பின்னால் ஹென்றி மொலெய்சன் என்ற பெயர் இருப்பது 2008-ல் அவர் இறந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ரகசியம் காக்க வேண்டும், சரி, அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் "இந்த வருடம் இத்தனை பேர் தங்கள் நேரத்தைக் கொடுத்தார்கள், அவர்களிடம் நாங்கள் கண்டது இது" என்று பெயரில்லாமல் நான்கு வரி போட எது தடுக்கிறது? மதிப்பெண்ணுக்காக வந்து உட்கார்ந்து, தூங்கி வழிந்துகொண்டே பட்டனை அழுத்திய முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஆய்வு கடைசியில் என்ன ஆனது என்றுகூட யாரும் சொல்வதில்லை.

இதைத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "மடலைப் படிப்பது நிதி கொடுக்கிறவர்களும் சேர வரும் மாணவர்களும்தானே, அவர்களிடம் போய் 'ஒன்றும் வரவில்லை' என்றா சொல்வது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வேலை தேடும் ஸ்காலரிடம் போய் உன் தோல்வியை முதலில் அச்சடி என்று சொல்ல எனக்கும் வாய் வராது. வயிற்றுப்பாடு இருக்கிறது. அதனால் நிரந்தர வேலையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள்தான் ஆரம்பிக்க வேண்டும். இதுவரை ஆரம்பித்தவர்களும் உண்டு. நெஞ்சை நிமிர்த்தி நின்றால் அதிகார உணர்வு கூடும் என்ற 2010 ஆய்வு உலகம் முழுக்கப் பரவியதே, அதை எழுதியவர்களில் முதல் பெயர் டேனா கார்னி. அந்த விளைவு நிஜம் என்று தான் இனி நம்பவில்லை என்று 2016-ல் அவரே பகிரங்கமாக எழுதினார். 2021-ல் இன்னும் சில உளவியலாளர்கள் சேர்ந்து, தங்கள் பழைய கட்டுரைகளில் எதில் தங்களுக்கே நம்பிக்கை போய்விட்டது என்று கையெழுத்துப் போட்டு வெளியிட்டார்கள். அதோடு பெயர் சொல்லாமல் கருத்தும் கேட்டிருந்தார்கள். பதில் சொன்னவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர், அப்படி ஒன்றாவது தங்களுக்கும் இருப்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

அந்தப் பாதிப்பேரில் சிலர் நிச்சயம் துறைத்தலைவர்களாக இருப்பார்கள். "விருதுகள்" பக்கத்துக்கு அடுத்து ஒரு பக்கம் ஒதுக்கி, முதல் பத்தியை அவர்களே எழுதட்டும்.