எந்த ஓட்ஸ் என்று யாருமே சொல்வதில்லை

சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் ஆளாளுக்குச் சொல்லும் முதல் யோசனை, "காலையில ஓட்ஸ் சாப்பிடுங்க". அப்பாவுக்கும் அதைத்தான் சொன்னார்கள். இனிப்பு சேர்த்த இன்ஸ்டன்ட் பாக்கெட்டை வாங்கி, நம்பிக்கையோடு தினமும் சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஏறித்தான் இருந்தது. அவர் முகம் வாடிப்போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஓட்ஸைக் காய்ச்சும்போது ஒரு கொழகொழப்பு வருமே, அதற்குக் காரணம் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து. வயிற்றுக்குள்ளும் அது அப்படியே கொழகொழவென்று ஆவதால் உணவு இரைப்பையை விட்டு மெதுவாக இறங்குகிறது. குளுக்கோஸும் ஒரேயடியாக ரத்தத்தில் பாயாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. ஆனால் ஓட்ஸில் பாதிக்கு மேல் மாவுச்சத்து. தானியத்தை எவ்வளவுக்கு நொறுக்கி, முன்பே வேகவைத்து விற்கிறார்களோ அவ்வளவு வேகமாக அது செரிக்கும். தானியத்தைத் துண்டுகளாக நறுக்கிய ஸ்டீல் கட் ஓட்ஸ், தட்டையாக அழுத்திய கனமான ரோல்டு ஓட்ஸ் இவற்றின் கிளைசீமிக் குறியீடு, அதாவது ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதைச் சொல்லும் எண், 55ஐ ஒட்டி இருக்கிறது. இன்ஸ்டன்ட் ஓட்ஸுக்கு அது 80ஐ நெருங்குகிறது. அதில் சர்க்கரையும் சேர்ந்தால்?

அப்புறம், அளவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் சொன்ன கணக்குப்படி, ஒரு வேளை உணவிலுள்ள 30 கிராம் மாவுச்சத்துக்கு 4 கிராம் பீட்டா குளுக்கான் இருக்க வேண்டும். 40 கிராம் ஓட்ஸில் கிடைப்பது சுமார் 2 கிராம்தான், தேவையில் ஏறக்குறைய பாதி. ஓட்ஸ் தவிட்டில் அது அதிகம் என்பதால், ஒரு பங்கு ஓட்ஸைக் குறைத்துத் தவிடு சேர்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஒரே நாளில் நிறையச் சேர்த்தால் வயிறு உப்பும், மெல்லக் கூட்டுங்கள்.

இன்சுலின் வருவதற்கு முன், 1900களின் தொடக்கத்தில், கார்ல் வான் நூர்டன் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் ஓட்ஸையே முக்கிய உணவாகக் கொடுத்துப் பார்த்தார். அன்று வேறு வழி அதிகம் இல்லை. இன்று மாத்திரை இருக்கிறது, இன்சுலின் இருக்கிறது. "ஓட்ஸ் சாப்பிடறேனே" என்று மாத்திரையை நிறுத்துபவர்களைப் பார்த்தால் பதறுகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சாப்பாட்டை மாற்றுவதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

அப்பா இப்போது இனிப்பில்லாத ரோல்டு ஓட்ஸோடு தவிடு கலந்து சாப்பிடுகிறார், மாத்திரையும் தொடர்கிறது. குத்திப் பார்த்து நோட்டில் எழுதி வைப்பதை மட்டும் நான் விடவில்லை.