சத்தத்துக்கு மதிப்பெண் போடுகிறோம், மெட்டுக்கு எப்போது?

மூன்று வருடமாக சிந்த்வேவ் போட்டிகளுக்கு நடுவராக இருக்கிறேன். எண்பதுகளின் சின்தசைசர் சத்தத்தை இன்றைக்கு மறுபடி உருவாக்கும் எலக்ட்ரானிக் இசைவகை அது. பெரிய இசைக்கலைஞர்களுக்கான போட்டிகள் இல்லை. பகல் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் இசை அமைப்பவர்கள்தான் அனுப்புகிறார்கள். ஒரு சுற்றுக்கு நாற்பது ஐம்பது டிராக் வரும். எல்லாவற்றையும் முழுசாகக் கேட்பேன். இந்த முறை முடிவு வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்த நீளமான பதிவு.

மதிப்பெண் தாளில் 'எண்பதுகளின் உணர்வு' என்பதற்கு 40. ஒலித்தரத்துக்கு 30. இசையமைப்புக்கு வெறும் 20. மீதி 10 புதுமைக்கு. ஒரு இசைப் போட்டியில் இசையமைப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு! ஜெயித்த டிராக்கைக் கேட்டேன். ஒலி பளபளவென்று இருக்கிறது. நான்கு நிமிடமும் அதே எட்டு பார்தான், அதாவது எட்டு தாள வட்டம்தான், திரும்பத் திரும்ப வருகிறது. முடிந்த பிறகு முணுமுணுக்க ஒரு வரி கூட மிஞ்சவில்லை.

எண்பதுகளின் சத்தம் இன்றைக்கு யாருக்கும் எட்டாத பொருள் இல்லை. 1982-இல் வந்த ஜூனோ-60, 1983-இல் வந்த டிஎக்ஸ்7 என்ற சின்தசைசர்கள், லின்டிரம் என்ற டிரம் மெஷின் என்று அந்தக் காலத்துக் கருவிகள் எல்லாமே மென்பொருளாகக் கிடைக்கின்றன. அதில் தயாராக வைத்திருக்கும் பிரீசெட் ஒலியைத் திறந்தால் போதும், அந்த வாசனை வந்துவிடும். 'டப்' என்று வெடித்துச் சட்டென்று அறுந்துபோகும் அந்த ஸ்நேர் டிரம் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-80 வாக்கில் லண்டன் ஸ்டூடியோ ஒன்றில் ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். உள்ளே வாசிப்பவர்கள் பேசுவது வெளியே ஒலிப்பொறியாளருக்குக் கேட்பதற்காக வைத்திருந்த மைக் திறந்திருந்தது. அதன் வழியாக வந்த முரட்டு ஒலியைக் கேட்டு அசந்துபோய், அதற்கு ஒரு கேட் (ஒலி தணிந்ததும் அதை அடைத்துவிடும் கருவி) போட்டு, எதிரொலியைப் பாதியில் வெட்டிப் பிடித்தார் ஒலிப்பொறியாளர் ஹ்யூ பேட்ஜம். அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கண்டெடுத்த விஷயம் அது. இன்று பதிவுசெய்த ஒலிகளின் தொகுப்பான சாம்பிள் பேக்கிலிருந்து அதை இழுத்துப் போடுபவருக்கு நாம் ஏன் 40-இல் 36 தருகிறோம்?

அந்தக் கருவிகளிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது வேறு என்று நான் நம்புகிறேன். ஜூனோ-60-இல் ஒரே நேரத்தில் ஆறு சுரம்தான் ஒலிக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டர் ஒன்றே ஒன்றுதான். அது மெலிந்து ஒலிக்கக் கூடாதென்றுதான் ஒரே ஒலியைப் பல ஒலிகள் சேர்ந்ததுபோலத் தடிமனாக்கும் கோரஸ் எஃபெக்டை உள்ளேயே வைத்தார்கள். நாம் உருகிப்போகும் அந்தத் ததும்பல் அங்கிருந்து வந்ததுதான். மேடையில் அந்த ஒரு கருவியை மட்டும் வைத்து வாசிப்பவர் நான்கு சுரத்தைப் பின்னணியில் நீளமாக இழையும் பேடாகப் பிடித்துவிட்டால் கையில் மீதி இரண்டுதான். எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுத்தே ஆகவேண்டும். இப்போது கணக்கே கிடையாது. ஏழு பேட், சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்க்கும் ஆர்பெஜியோ மூன்று, மேலே ஒரு காற்றொலி என்று அடுக்குகிறார்கள். அத்தனைக்கும் அடியில் மெட்டு மூச்சுவிட முடியாமல் கிடக்கிறது.

என்னைத் தூங்கவிடாத டிராக்கைப் பற்றிச் சொல்கிறேன். வேகம் 104 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 104 தட்டு. கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள், ஏ மைனர், எஃப், சி, ஜி. இந்த வகையில் ஆயிரம் முறை கேட்ட வரிசைதான். ஒலி சுமார். அடியில் ஒலிக்கும் பேஸ் ஐம்பத்தைந்து ஹெர்ட்ஸில் உறுமிக்கொண்டிருந்தது, கிக் டிரம்மும் அதே இடத்தில் வந்து முட்டியது, இரண்டும் கலந்து சேறாகிவிட்டன. ஸ்நேருக்கு உயிரே இல்லை. முதல் கோரஸில், அதாவது பல்லவி மாதிரித் திரும்பி வரும் பகுதியில், பேஸ் வழக்கம்போல கார்டோடு சேர்ந்து இறங்கி ஏறியது. இரண்டாவது கோரஸில் அது நகரவில்லை. மேலே எஃப், சி, ஜி என்று கார்டுகள் மாறிக்கொண்டே போகின்றன, பேஸ் மட்டும் ஏ-விலேயே பிடிவாதமாக நிற்கிறது. எட்டு பார் முழுக்க அப்படித்தான். ஜி வரும்போது மேலும் கீழும் ஒட்டாமல் ஒரு தவிப்பு. வீட்டை விட்டுப் போக மனசில்லாமல் வாசலில் நிற்பவர் போல. அடுத்த பாரில் ஏ மைனர் திரும்பி வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அது முதல் சுற்றிலேயே வெளியே போனது. தாளில் உள்ளபடி போட்டால் என் மதிப்பெண்ணும் நூற்றுக்கு 52-க்கு மேல் ஏறவில்லை. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது, அது உறுத்துகிறது.

உடனே ஒரு கேள்வி வரும்: சிந்த்வேவில் ஒலிதானே பாதி இசை? ஆமாம், மறுக்கவே மாட்டேன். இதே சுற்றில் இன்னொருவர், ஆர்பெஜியோவின் பளிச்சென்ற ஒலியை மூடி மறைத்த ஃபில்டரைப் பதினாறு பார் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். அது முழுசாகத் திறந்த நொடியில் மெட்டு உள்ளே வந்தது. விடிந்ததும் கதவைத் திறந்த மாதிரி இருந்தது. அந்த ஃபில்டர் அசைவை நான் இசையமைப்பில்தான் சேர்ப்பேன். ஒலி நகர வேண்டும், எதையாவது சொல்ல வேண்டும். சும்மா பூசி வைத்த ஒலிக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தவிர, இதை இன்று செய்பவர்களில் பலர் எண்பதுகளில் பிறக்கவே இல்லை. அவர்கள் ஏங்குவது தாங்கள் வாழாத ஒரு காலத்துக்காக. அந்த ஏக்கம் உண்மையானது. அதை அசலோடு ஒட்டிவைத்துப் பார்த்து மார்க் போடுவது அநியாயம்.

நான் இப்போது கேட்கும் முறையை மாற்றிக்கொண்டேன். முதலில் எல்லா டிராக்கையும் ஒரே சத்த அளவுக்கு, மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்-க்குக் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) கொண்டுவருகிறேன். சத்தம் கூடினால் காதுக்கு நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அந்த மயக்கத்தில் எத்தனை பேர் தோற்றிருப்பார்கள்! அட்டைப்படத்தைப் பார்ப்பதில்லை. ஊதா வானம், கோடு கோடாக அஸ்தமிக்கும் சூரியன், ஒரு கார் எல்லாம் அதில் இருந்துவிட்டால் காது பாதி சம்மதித்துவிடுகிறது. முதல் முறை போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்கிறேன். அதில் பேஸ் வராது, மெட்டு இருந்தால் தெரிந்துவிடும். பிறகுதான் ஹெட்போன். மறுநாள் காலையில் எதையும் போடாமல், எது வாயில் வருகிறது என்று பார்க்கிறேன்.

சக நடுவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'நல்லா இருக்கு, மிக்ஸைக் கொஞ்சம் கவனிங்க' என்று எழுதாதீர்கள். அதை வைத்து அவர் என்ன செய்வார்? எத்தனையாவது நிமிடம், எந்த நொடி, என்ன கேட்டது என்று எழுதுங்கள். முகம் தெரியாத ஒருவர் இரண்டு மாத ராத்திரிகளைக் கொட்டி அனுப்பியிருக்கிறார்.

அந்த ஏ மைனர்காரருக்கு நேற்று எழுதினேன். கிக் அடிக்கும்போது பேஸ் தணிந்து வழிவிடும்படி சைட்செயின் போடச் சொன்னேன், பேஸின் அடிப்பகுதியைக் கொஞ்சம் வெட்டச் சொன்னேன். 2 நிமிடம் 10 நொடியில் தொடங்கும் அந்த எட்டு பாரை மட்டும் யார் சொன்னாலும் தொட வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன்.