டிரெட் ஸ்காட் பார்க்காத குவிமாடம்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் இருக்கும் செயின்ட் லூயிஸ் நகரின் பழைய நீதிமன்றத்தைப் படம் எடுத்துப் போடும்போது, "இந்தக் குவிமாடத்தின் கீழேதான் டிரெட் ஸ்காட் தன் விடுதலைக்காக வாதாடினார்" என்று பலரும் எழுதுகிறார்கள். தவறு. அடிமையாக இருந்து தன் விடுதலைக்காக வழக்குப் போட்ட ஸ்காட் இறந்தது 1858 செப்டம்பரில். இன்றைய இரும்புக் குவிமாடத்தின் வேலை தொடங்கியது 1861இல், முடிந்தது 1864இல்.

இது ஒரே மூச்சில் கட்டிய கட்டடம் இல்லை. 1816இல் சோட்டோ, லூகாஸ் என்ற இருவர் நிலம் கொடுத்தார்கள். அது என்றென்றும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) நீதிமன்றத்துக்கே பயன்பட வேண்டும் என்பது நிபந்தனை. முதலில் எழுந்தது ஒரு செங்கல் கட்டடம். 1839இல் ஹென்றி சிங்கிள்டன் வரைந்த பெரிய திட்டம், அந்தச் செங்கல் கட்டடத்தையே கிழக்குச் சிறகாகச் சேர்த்துக்கொண்டது. 1851இல் பொறுப்பேற்ற ராபர்ட் மிட்செல் அதை இடித்துவிட்டுப் புதிய கிழக்குச் சிறகைக் கட்டினார். ஸ்காட் வழக்கு நடந்த காலத்தோடு ஒட்டி நிற்பது மேற்குச் சிறகுதான். கட்டடத்தில் எனக்கு முக்கியமான பகுதி அதுவே.

அங்கே கீழ்த்தளத்தில் 1847இல் முதல் விசாரணை. ஸ்காட் தோற்ற காரணத்தைப் படித்தால் வயிறு எரியும். ஸ்காட்டின் எஜமானராக இருந்த எமர்சனின் விதவை அவரை அடிமையாக வைத்திருக்கிறார் என்பதற்கு வந்த சாட்சியம் வெறும் கேள்விப்பட்ட பேச்சு என்று ஆகிவிட்டது. அடிமை என்பதை நிரூபிக்க முடியாததால் அவர் அடிமையாகவே தொடர்ந்தார்! 1850 மறுவிசாரணையில் அதே நீதிமன்றத்தில் ஜூரிகள் விடுதலை கொடுத்தார்கள். 1852இல் மிசூரி உச்ச நீதிமன்றம் அதைப் பறித்தது. 1857இல் வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பும் 7-2 என்று எதிராக வந்தது. அது உலகறிந்த கதை.

அந்த விசாரணை அறை இன்று இல்லை. 1855இல் நடுவே நடைவழி விட்டு அதைப் பிரித்துவிட்டார்கள். மேல்தளத்தில் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவந்திருக்கும் அழகான நீதிமன்ற அறைகளைப் பார்த்து "இங்கேதான்" என்று நினைத்துவிடாதீர்கள். என் கருத்து: காணாமல் போன அறையைப் புதிதாகக் கட்டிக் காட்டுவதைவிட, பழைய சுவர் போன கோட்டைத் தரையில் காட்டுவதுதான் நேர்மை.

குவிமாடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ரோமின் புனித பேதுரு பேராலயச் சாயலில் வில்லியம் ரம்போல்ட் வடிவமைத்தது அது. பாரம் தாங்காது என்று ஊரே சண்டை போட்டபோது, மாதிரி ஒன்று செய்து அதன்மேல் இரும்புக் கட்டிகளை ஏற்றிக் காட்டினார். வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும்; இழுத்தால் உடையும். இழுவை வரும் இடத்துக்குத் தேனிரும்புதான் (அடித்து உருவாக்கும் இரும்பு) சரி. இந்த வகைக் கட்டுமானத்துக்கு எமன் தண்ணீர். வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கி இணைப்புகள் திறக்கும், உள்ளே ஈரம் இறங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்து, தகட்டையே நெம்பிவிடும். மேலே பெயின்ட் மட்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபடும். இணைப்பைத் திறந்து, துருவைச் சுரண்டி, அரிப்புத் தடுப்புப் பூச்சு கொடுத்து, அதன் பிறகுதான் மூட வேண்டும். செங்கல் சுவரிலும் இதே கதை. சுண்ணாம்புச் சாந்து இருந்த இடத்தில் சிமென்ட் வைத்தால் சாந்து நிற்கும், மென்மையான பழைய செங்கல் உதிரும்.

1877இல் நகரமும் கவுண்டியும் பிரிந்தன. கவுண்டித் தலைமையிடம் கிளேட்டனுக்குப் போக, கட்டடம் நகர நீதிமன்றமானது. 1930இல் நீதிமன்றமும் வெளியேறியதும், 1816 நிபந்தனையைக் காட்டி வாரிசுகள் நிலத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டார்கள். கடைசியில் 1940இல் தேசியப் பூங்காத் துறையிடம் வந்தது. பெரிய புதுப்பிப்பு முடிந்து 2025 மே மாதம் மறுபடி திறந்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவரும் மாடி ஏற இப்போது லிஃப்ட் இருக்கிறது. இதைத் தோற்றக் கேடு என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. நீதிமன்றம் என்பது எல்லோரும் நுழையும் இடம்.

போகிறவர்கள் கிழக்குப் படிகளிலும் கொஞ்சம் நில்லுங்கள். இறந்தவர்களின் சொத்தைப் பைசல் செய்யும்போது, மேசை நாற்காலியோடு மனிதர்களையும் ஏலம் விட்டது அந்தப் பக்கத்தில்தான். அதே கட்டடத்தில், 1857 மே 26 அன்று, ஸ்காட்டின் முதல் எஜமானரின் மகன் டெய்லர் புளோ, ஸ்காட் குடும்பத்துக்கு விடுதலைப் பத்திரம் கொடுத்தார். பதிவு செய்தவர், முந்தைய விசாரணைகளை நடத்திய அதே நீதிபதி ஹாமில்டன். அதன் பிறகு ஸ்காட் சுதந்திர மனிதராக வாழ்ந்தது பதினாறு மாதம்கூட இல்லை.